பாசேஜ் என்றாலே பயமா? எல்லை ஊர்ப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

நான் ஆசிரியை இல்லை. பகலில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வாயனசாலையின் (நூலகத்தின்) பின்கட்டில் பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருவேன். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்து, பிளஸ் ஒன்னில் திடீரென்று எல்லாப் புத்தகமும் ஆங்கிலமாகிப்போன பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருவார்கள். கல்லூரி நுழைவுத் தேர்வு என்றதும் அவர்கள் பயப்படுவது கணக்குக்கோ வரலாற்றுக்கோ அல்ல, ஆங்கிலப் பாசேஜுக்குத்தான், அதாவது படித்துவிட்டுக் கேள்விக்கு விடை சொல்லக் கொடுக்கும் உரைப்பகுதிக்கு. ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள், கேள்விகள் மட்டும் பழையவைதான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி வைக்கிறேன்.

“க்யூட்ல இங்கிலீஷ் பேப்பர்னா என்ன வருங்க்கா? எஸ்ஸே எழுதணுமா?”

எழுத வேண்டியது ஒன்றுமில்லை. எல்லாம் நாலு ஆப்ஷனில் ஒன்றைத் தொடுவதுதான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குச் சேர 2022-லிருந்து நடக்கும் பொது நுழைவுத் தேர்வுதான் க்யூட் (CUET). நடத்துவது தேசியத் தேர்வு முகமை. திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், காசர்கோட்டில் இருக்கும் கேரள மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம் எல்லாம் இந்த வழியில்தான் சேர்க்கின்றன.

2025-ல் இருந்த முறைப்படி மொழித்தாளில் 50 கேள்வி, 60 நிமிஷம், எல்லாமே கட்டாயம். சரிக்கு 5 மார்க், தப்புக்கு 1 மார்க் கழியும். விட்டுவிட்டால் ஒன்றும் கழியாது. இதற்கு முந்தைய வருஷங்களில் 50-ல் 40 எழுதினால் போதும் என்று இருந்தது. பழைய கையேடு வைத்திருப்பவர்கள் அதையே நம்பி உட்காராதீர்கள். உங்கள் வருஷத்து அறிவிப்பு வந்த அன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பாசேஜ் மூன்று வகை. தகவல் சொல்வது ஒன்று, கதைபோல் நடந்ததைச் சொல்வது ஒன்று, இலக்கியத்திலிருந்து எடுத்தது ஒன்று. இவை போக ஒரே பொருள், எதிர்ப்பொருள், கலைந்த வாக்கியத்தை வரிசைப்படுத்துவது, சரியான சொல்லைப் பொருத்துவது எல்லாம் வரும்.

“அப்படின்னா இங்கிலீஷை விட்டுட்டு தமிழையே எடுத்துக்கலாமில்லீங்க்கா?”

எடுக்கலாம். 13 மொழிகளில் தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. ஆனால் நீங்கள் சேர நினைக்கும் படிப்பு எந்த மொழித்தாளைக் கேட்கிறது என்று முதலில் பாருங்கள். சில படிப்புக்கு 13-ல் எதுவானாலும் போதும். ஆங்கில இலக்கியம் போன்ற படிப்புக்கு ஆங்கிலத்தாள்தான் வேண்டும். ஒரே பல்கலைக்கழகத்திலேயே துறைக்குத் துறை மாறும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். தமிழ்த்தாள் சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். அதிலும் பாசேஜ் உண்டு. இந்தப் பக்கத்தில் சொல்வதில் பாதி அதற்கும் பொருந்தும்.

“ஒரு நாளைக்கு எத்தனை வார்த்தை மனப்பாடம் பண்ணணும்?”

அந்தக் கிணற்றில் நான் ஏற்கெனவே விழுந்து எழுந்தவள். கல்லூரிக்குப் போகும் முன்னால், அட்டை கிழிந்த ஒரு தடிப் புத்தகத்தை வாங்கி, நாளைக்கு முப்பது வார்த்தை என்று நாலு மாதம் உருப்போட்டேன். தேர்வில் அதிலிருந்து வந்தவற்றை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வந்தவற்றிலும் ஒன்றில், நான் படித்த பொருள் வேறு, அந்தப் பாசேஜில் அது நின்ற பொருள் வேறு.

அது ஏன் என்று உங்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை, எல்லையில் பிறந்தவர்கள் நீங்கள். மலையாள டீச்சர் “நல்லொரு அவசரம்” என்றால் நம் வீட்டு அவசரமா அது? வாய்ப்பு என்கிறார். கடையில் “வெள்ளம் வேணோ” என்று கேட்டால் ஆறு பெருகி வந்ததாக யாரும் ஓடுவதில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கிறோம். ஒரே சொல், நிற்கிற இடத்தில் பொருள் மாறுகிறது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ‘நாவல்’ என்றால் கதைப் புத்தகம் மட்டுமல்ல, ‘எ நாவல் ஐடியா’ என்றால் புதிய யோசனை. ‘வாண்ட்’ என்றால் ஆசைப்படுவது மட்டுமல்ல, ‘ஃபார் வாண்ட் ஆஃப் வாட்டர்’ என்றால் தண்ணீர் இல்லாததால். பாசேஜுக்குக் கீழே வரும் சொற்பொருள் கேள்விகள் பெரும்பாலும் இந்த மாதிரிச் சொற்களைத்தான் குறிவைக்கின்றன. நாலு ஆப்ஷனில் ஒன்று நீங்கள் உருப்போட்ட பொருளாகவே இருக்கும். அதுதான் வலை.

உருப்போடுவதற்குப் பதிலாக, படிக்கும்போது தட்டுப்பட்ட சொல்லை அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். நாளைக்கு ஐந்து போதும்.

“தெரியாத வார்த்தை வந்தா அங்கயே நின்னு போயிடறேன். மேல போகவே முடியல.”

நிற்காதீர்கள், தாண்டிப் போங்கள். தெரியாத சொல்லுக்கு அந்த வாக்கியமோ அடுத்த வாக்கியமோ பெரும்பாலும் துப்புக் கொடுக்கும். கிணறு வற்றிவிட்டது, ‘பார்ச்ட்’ ஆன நிலம் மழைக்குக் காத்துக் கிடந்தது என்று வந்தால், ‘பார்ச்ட்’ தெரியாதவனுக்கும் அது வறண்ட நிலம் என்று புரியும். அண்ணன் ‘கேருலஸ்’, தம்பியோ வாய் திறப்பதே அபூர்வம் என்று வந்தால் அண்ணன் வாயாடி.

துப்பே கிடைக்கவில்லையா? அந்தச் சொல் நல்லதைச் சொல்கிறதா, கெட்டதைச் சொல்கிறதா என்று மட்டும் ஊகித்துக்கொண்டு நகருங்கள். அந்தச் சொல்லைப் பற்றிக் கேள்வியே வராமல் போவதும் உண்டு. வராத கேள்விக்கு ஐந்து நிமிஷம் செலவழித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

“மனசுக்குள்ள தமிழ்ல மாத்தி மாத்தித்தான் படிக்கறேன். தப்புங்களா?”

தப்பில்லை, ஆனால் தாமதம். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. தமிழில் வர்ணனை முன்னால் வரும், வினைமுற்று கடைசியில் வரும். ஆங்கிலத்தில் வினைச்சொல் சீக்கிரம் வந்துவிடும், நீளமான வர்ணனை பெயருக்குப் பின்னால் தொங்கும். சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டே போனால் யார் என்ன செய்தார் என்பதே நழுவிவிடும்.

போன மழைக்காலத்தில் ஒரு பையனிடம் இந்த வாக்கியத்தைக் கொடுத்தேன்: ‘தி கெனால், விச் வாஸ் டக் டு இரிகேட் ரைஸ் ஃபீல்ட்ஸ், நவ் கேரிஸ் ட்ரிங்கிங் வாட்டர் டு த்ரீ டவுன்ஸ்.’ அவன் சொன்ன தமிழ்: “கால்வாய்… நெல்வயலுக்குத் தண்ணி பாய்ச்சுது… குடிக்கற தண்ணியும் போகுது.” இப்போது வயலுக்குப் பாய்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். அதுதான் கேள்வியாக வந்திருந்தால் மார்க் போயிருக்கும்.

இரண்டு கமாவுக்கு நடுவில் இருப்பதை விரலால் மூடச் சொன்னேன். மிச்சம்: ‘தி கெனால் நவ் கேரிஸ் ட்ரிங்கிங் வாட்டர்.’ கால்வாய் இப்போது குடிதண்ணீர் கொண்டுபோகிறது. இதுதான் வாக்கியத்தின் முதுகெலும்பு. பிறகு விரலை எடுத்தால், நெல்வயலுக்காக வெட்டியது என்பது பழைய சேதி. தமிழில் எப்படிச் சொல்வோம்? “நெல்வயலுக்கென்று வெட்டிய கால்வாய், இப்போது மூன்று ஊருக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகிறது.” ‘விச்’, ‘ஹூ’, ‘தட்’ வரும் இடத்தில் எல்லாம் இப்படி மூடிப் பாருங்கள். இரண்டு மாதத்தில் விரல் தேவைப்படாது. மொழிபெயர்ப்பும் தானாகக் குறைந்துவிடும், நீங்கள் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

“முதல்ல பாசேஜா, கேள்வியா?”

இதில் ஆளுக்கொரு கட்சி. நான் பார்த்த வரையில், தகவல் பாசேஜுக்குக் கேள்வியை முதலில் ஓட்டமாகப் பார்ப்பது நல்லது. ஆனால் கேள்வியை மட்டும், ஆப்ஷன்களை வேண்டாம். ஆப்ஷனில் நாலில் மூன்று பொய். பொய்யை மனசில் ஏற்றிக்கொண்டு பாசேஜுக்குள் போனால் அதுவே உண்மைபோல் தெரியும்.

கதை பாசேஜையும் இலக்கியப் பாசேஜையும் நேராகப் படித்துவிடுங்கள். கதையை இடையில் புகுந்து படித்தால் ரசமும் போகும், பொருளும் போகும்.

“முழுசா புரிஞ்சுதுன்னுதான் நினைக்கறேன். ஆனா தப்பாகுது. எங்க விடறேன்னு தெரியல.”

சின்னச் சொற்களில் விடுகிறீர்கள். பெரிய சொல் தெரியவில்லை என்பது நமக்கே தெரியும், சின்னச் சொல்லை விட்டது தெரியவே தெரியாது.

‘பட்’, ‘ஹவ்எவர்’, ‘யெட்’, ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’ வந்தால் வண்டி திரும்புகிறது என்று அர்த்தம். எழுதியவர் நிஜமாகச் சொல்ல வந்தது பெரும்பாலும் திருப்பத்துக்கு அப்புறம்தான் இருக்கும். ‘அன்லெஸ்’ என்பதை ‘இஃப்’ என்று படித்துவிட்டால் பொருள் தலைகீழ். ‘நாட்’ இல்லாமலே மறுக்கும் சொற்களும் உண்டு. ‘ஹார்ட்லி’ என்றால் கடினமாக அல்ல, அநேகமாக இல்லை. ‘ஃபெயில்ட் டு நோட்டீஸ்’ என்றால் கவனிக்கவில்லை. ‘ஃபார் ஃப்ரம் பெர்ஃபெக்ட்’ என்றால் தூரத்தில் எதுவும் இல்லை, குறையோடு இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஜோடி ‘எ ஃப்யூ’, ‘ஃப்யூ’. ‘எ ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் சிலர் வந்தார்கள். ‘ஃப்யூ பீப்பிள் கேம்’ என்றால் வந்தவர்கள் சொற்பம், யாருமே வராத குறைதான். ஒரே ஓர் எழுத்தில் பந்தல் நிறைகிறது, காலியாகிறது. ‘எ லிட்டில்’, ‘லிட்டில்’ இரண்டுக்கும் இதே கணக்கு.

“கடைசிப் பாரா வரும்போது முதல் பாரா மறந்துடுது.”

மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை, பாசேஜ் திரையில்தான் இருக்கும். உங்களுக்குத் தேவை எது எங்கே இருக்கிறது என்பது மட்டும். தேர்வு அறையில் கொடுக்கும் வெள்ளைத்தாளில் பாராவுக்கு இரண்டு சொல் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். “பாரா 1, அணை கட்டியது. பாரா 2, ஊர் எதிர்ப்பு. பாரா 3, மீன் குறைவு.” கேள்வி வந்ததும் எந்தப் பாராவுக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

காகிதத்தில் படித்துப் பழகியவர்களுக்கு இன்னொரு இடைஞ்சல் உண்டு. கணினித் திரையில் அடிக்கோடு போட முடியாது, பாசேஜை மேலும் கீழும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஆகவே கடைசி ஒரு மாதமாவது திரையில் படித்துப் பழகுங்கள். செல்போன் வேண்டாம், அதில் வரி உடையும் விதமே வேறு. வாயனசாலையிலோ பள்ளி லேபிலோ ஒரு கணினி கிடைக்காமல் போகாது.

“தலைப்பு என்னன்னு கேட்டா ரெண்டு மூணு சரியாத் தெரியுது.”

ஊர் எது என்று கேட்டால் ஜில்லாப் பேரையும் சொல்லக் கூடாது, வீட்டு நம்பரையும் சொல்லக் கூடாது. ‘விவசாயமும் மனிதனும்’ என்று ஒரு ஆப்ஷன் இருந்தால் அது ஜில்லா. இரண்டாம் பாராவில் மட்டும் வந்த சொட்டு நீர்ப் பாசனம் என்றால் அது வீட்டு நம்பர். எல்லாப் பாராவையும் தொடுகிற, ஆனால் பாசேஜுக்கு வெளியே போகாத ஆப்ஷன்தான் ஊர். மேலே சொன்ன இரண்டு சொல் குறிப்பு இங்கே கைகொடுக்கும்.

“பாசேஜ்ல எழுதாததைக் கேக்கறாங்களே, அது எப்படிங்க்கா?”

இன்ஃபரன்ஸ் கேள்வியைச் சொல்கிறீர்கள். ‘சஜெஸ்ட்ஸ்’, ‘இம்ப்ளைஸ்’, ‘கேன் பி இன்ஃபர்ட்’ என்று வரும். வாசலில் புதுச் செருப்பு நாலு ஜோடி கிடக்கிறது. வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்றால் அது இன்ஃபரன்ஸ். அக்காவைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றால் அது கதை. முதலாவதற்குச் செருப்பே சாட்சி. இரண்டாவது நடந்தும் இருக்கலாம், ஆனால் செருப்பு அதைச் சொல்லவில்லை.

சரியான விடை பாசேஜிலிருந்து ஓர் அடிதான் தள்ளி இருக்கும். இரண்டு அடி வைக்க வேண்டியிருந்தால் அந்த ஆப்ஷனைச் சந்தேகப்படுங்கள். அடக்கமாகப் பேசும் ஆப்ஷன் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ‘ஆல்வேஸ்’, ‘நெவர்’, ‘ஒன்லி’ என்று அடித்துப் பேசுவது பெரும்பாலும் விழும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். பாசேஜே ‘ஒன்லி’ என்று சொல்லியிருந்தால் ஆப்ஷனும் அப்படித்தான் சொல்ல வேண்டும். “ஒன்லி இருந்தா தப்பு” என்று ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டு போன ஒரு பெண் மாக் டெஸ்டில் மூன்று கேள்வியைக் கோட்டை விட்டாள்.

“டோன் கேள்வி சுத்தமா வரலைங்க. எழுதினவர் மனசு எனக்கெப்படித் தெரியும்?”

“நம்ம மெம்பர் ரொம்ப நல்லவர்தான்!” என்று டீக்கடையில் ஒருத்தர் சொன்னால் அது பாராட்டா கேலியா என்று உங்களுக்குப் புரிகிறதே, எப்படி? முன்னாலும் பின்னாலும் என்ன பேசினார் என்பதை வைத்து. எழுத்திலும் அப்படித்தான். ரோடு பற்றி மூன்று வரி குறை சொல்லிவிட்டு நாலாவது வரியில் ‘எக்ஸலண்ட் ரோட்ஸ்’ என்று எழுதினால் அது ‘ஐரானிக்’.

இந்தக் கேள்வியில் தோற்பது பெரும்பாலும் டோன் புரியாமல் அல்ல, டோனுக்கான சொல் தெரியாமல். அதனால் இதற்கு மட்டும், மனப்பாடம் வேண்டாம் என்று மேலே சொன்னதற்கு விலக்கு. ஒரு இருபது சொல் தெரிந்துகொள்ளுங்கள். ‘க்ரிட்டிகல்’ குறை காண்பது, ‘நாஸ்டால்ஜிக்’ பழசை நினைத்து ஏங்குவது, ‘ஆப்ஜெக்டிவ்’ விருப்பு வெறுப்பில்லாமல் சொல்வது, ‘கேண்டிட்’ ஒளிக்காமல் பேசுவது. இதில் குழப்புகிறவை இரண்டு. ‘இன்டிஃபரெண்ட்’ என்றால் வித்தியாசமானது அல்ல, கண்டுகொள்ளாதது. ‘டிஸ்இன்ட்ரெஸ்டட்’ என்றால் கட்சி சேராத நடுநிலை.

“ரெண்டை ஈசியா அடிச்சுடறேன். மீதி ரெண்டுல எப்பவும் தப்பான ஒண்ணுல போய் விழறேன். இதுக்கு என்ன வழி?”

எல்லாருக்கும் உள்ள நோய் இது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். நம் ஊர் விஷயத்தை வைத்து நானே ஒரு பாசேஜ் எழுதிக் கொடுப்பேன். ஆங்கிலத்தில் இருப்பதன் சாரம் இது: பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29-ல் ஒப்பந்தம் செய்தன. அது 1958 நவம்பர் 9-லிருந்தே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டது. மேற்கே ஓடும் தண்ணீரின் ஒரு பகுதி கிழக்கே திருப்பப்படுகிறது. கேரளத்தின் சித்தூர்ப் பகுதிப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தர வேண்டும். 30 ஆண்டுக்கு ஒருமுறை ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்ய இடம் உண்டு.

கேள்வி: பாசேஜின்படி எது சரி? ஆப்ஷன்கள் இவை. ஒன்று, சித்தூர் விவசாயிகளுக்குச் சேர வேண்டிய தண்ணீர் சரியாக வருவதில்லை. இரண்டு, ஒப்பந்தத்தைத் திரும்பப் பரிசீலிக்க வழி வைக்கப்பட்டிருக்கிறது. மூன்று, 30 ஆண்டில் ஒப்பந்தம் காலாவதியாகும். நாலு, ஒப்பந்தம் 1970-க்கு முந்தைய காலத்துக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் முதலாவதைத் தொடுவார்கள். போன வருஷம் தொட்டவனின் அப்பாவுக்கு வாய்க்காலின் கடைமடையில் இரண்டு ஏக்கர். “அது நிஜம்தானுங்க்கா, எங்க வயலுக்கு வர்றதேயில்ல” என்று என்னோடு சண்டைக்கு வந்தான். அவன் சொல்வது அவன் வயலுக்கு நிஜம். பாசேஜ் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தர வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது, வருகிறதா இல்லையா என்று எழுதவில்லை. தெரிந்த விஷயம் பாசேஜாக வந்தால் சந்தோஷப்படாதீர்கள், அங்கேதான் சொந்த அறிவு உள்ளே புகுந்து விடை எழுதும்.

மூன்றாவது ஆப்ஷன் வேறு ஜாதி. பாசேஜில் இருக்கும் 30 என்ற எண்ணை அப்படியே எடுத்து, மறுஆய்வு என்ற இடத்தில் காலாவதியை ஒட்டவைத்தது. எண் கண்ணில் பட்டதும் கை போய்விடும். நாலாவது பாசேஜையே மறுக்கிறது. இரண்டாவதில் ஒப்பந்தம் என்பதைத் தவிர பாசேஜின் சொல் ஒன்றுகூட அப்படியே இல்லை. மறுஆய்வு என்பது பரிசீலனை ஆகியிருக்கிறது, இடம் என்பது வழி ஆகியிருக்கிறது. விடை அதுதான். சரியான விடை பல சமயம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும், தப்பான விடை பாசேஜின் சட்டையையே போட்டுக்கொண்டு வரும்.

அதனால் கடைசி இரண்டு நிற்கும்போது “எது நல்லாயிருக்கு” என்று பார்க்காதீர்கள். “எதில் எந்தச் சொல் பொய்” என்று தேடுங்கள். ஆப்ஷனில் ஒரு சொல்லுக்குப் பாசேஜில் சாட்சி இல்லையென்றாலும் முழு ஆப்ஷனும் போச்சு. விடைக்குச் சாட்சியான வரியை விரல் வைத்துக் காட்ட முடியாவிட்டால் அந்த விடையைத் தொடாதீர்கள் என்பது எங்கள் பின்கட்டுச் சட்டம்.

“சாட்சி வரி கிடைக்கலைன்னா விட்டுடலாமா? குருட்டாம்போக்குல அடிக்கலாமா?”

கணக்குப் போடுவோம். சரிக்கு 5, தப்புக்கு கழிவு 1, ஆப்ஷன் நாலு. ஒன்றுமே தெரியாமல் நாலு கேள்வியை அடித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தப்பு. 5-லிருந்து 3 போக மிச்சம் 2, அதாவது கேள்விக்கு அரை மார்க். ஒரு ஆப்ஷனைப் பொய் என்று நிச்சயமாகத் தள்ளிவிட்டால் கேள்விக்குச் சராசரி 1 மார்க். இரண்டைத் தள்ளிவிட்டால் 2 மார்க். ஆகவே ஒரு ஆப்ஷனாவது பொய் என்று உறுதியாகத் தெரிந்தால் அடியுங்கள். ஒன்றுமே தெரியாததை அடிப்பதும் கணக்குப்படி நஷ்டமில்லை, ஆனால் சராசரி என்பது நூறு பேருக்கு. உங்கள் ஒருத்தருக்கு அன்றைக்கு எல்லாமே தப்பாகவும் போகலாம்.

மேலே சொன்ன பின்கட்டுச் சட்டம் பயிற்சிக்கு. தேர்வில் கடைசி மூன்று நிமிஷத்துக்கு இந்தக் கணக்கு.

“ஒரு மணி நேரம் பத்தவே மாட்டேங்குது.”

50 கேள்விக்கு 60 நிமிஷம் என்றால் கேள்விக்கு 72 விநாடி, பாசேஜ் படிக்கும் நேரமும் இதற்குள்தான். சொற்பொருள், எதிர்ப்பொருள் கேள்விகளை முதலில் முடியுங்கள். தெரிந்தால் இருபது விநாடி, தெரியாவிட்டால் யோசித்து வரப்போவதில்லை. அங்கே மிச்சம் பிடித்த நேரம் பாசேஜுக்கு.

சந்தேகமானதை விடையோடு சேர்த்துக் குறித்துவைத்துப் பிறகு வரலாம். விடை தொட்டு, மறுபார்வைக்கும் குறித்திருந்தால் அது மதிப்பீட்டுக்குப் போகும். விடை தொடாமல் வெறுமனே குறித்தது போகாது. இதைத் தெரியாமல் இருந்துவிடாதீர்கள்.

“ஏனுங்க டீச்சர், பாப்பாவைக் கோயமுத்தூர்ல கோச்சிங் சேக்கணுங்களா? எல்லாரும் சேக்கறாங்க.”

நான் டீச்சர் இல்லைங்க என்று எத்தனை தடவை சொன்னாலும் அம்மாக்கள் விடுவதில்லை. பாசேஜுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். தினம் பஸ்ஸில் போக வர இரண்டு மூன்று மணி நேரம் போகும், அந்த நேரத்துக்கு வீட்டில் உட்கார்ந்து படித்தாலே பாதி வேலை முடியும். பாப்பாவுக்கு மற்றப் பாடங்களுக்கும் துணை வேண்டும், வீட்டில் படிக்கும் சூழல் இல்லை என்றால் அது வேறு பேச்சு.

எதைப் படிப்பது? எல்லாரும் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தைப் படி என்பார்கள். எடுத்த எடுப்பில் அதைப் படித்து, மூன்றாம் நாளே பேப்பரை மடித்து வைத்தவர்கள்தான் அதிகம். முதலில் அன்றைய சேதியைத் தமிழிலோ மலையாளத்திலோ படியுங்கள், பிறகு அதே சேதியை ஆங்கிலத்தில் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும், மொழி மட்டும்தான் புதுசு. பாலக்காட்டு வெயில், நெல் கொள்முதல், கிரிக்கெட் எதுவானாலும் சரி. ஒரு மாதம் கழித்து ஆங்கிலத்தை மட்டும் படியுங்கள். தலையங்கம் மூன்றாவது மாதம். கதைக்கு, என்சிஇஆர்டி-யின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

“கிளாட்டுக்கும் இதே படிப்புப் போதுமா?”

கிளாட் (CLAT) என்பது சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு. அடிப்படை ஒன்றுதான், ஆனால் அது மலையேற்றம். கொச்சியில் இருக்கும் நுவால்ஸ் சட்டப் பல்கலைக்கழகம், திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் இரண்டுக்கும் அந்தத் தேர்வுதான். 120 கேள்வி, 120 நிமிஷம், காகிதத்தில் எழுதுவது. ஆங்கிலப் பகுதிப் பாசேஜ் ஏறக்குறைய 450 சொல் இருக்கும். அங்கே ஆங்கிலம் மட்டுமல்ல, சட்டம், பொது அறிவு, தர்க்கம், கணக்குகூடப் பாசேஜ் வழியாகத்தான் வரும். சரிக்கு 1, தப்புக்குக் கால் மார்க் கழிவு. குருட்டடிக்குச் சராசரி பதினாறில் ஒரு பங்கு மார்க். மேலே போட்ட கணக்கை அங்கே அப்படியே கொண்டுபோகாதீர்கள்.

“அவங்க குடுத்த ஆன்சர் கீயே தப்பா இருந்தா?”

முதலில் வெளியாவது தற்காலிக விடைக்குறிப்பு. ஆட்சேபம் சொல்லக் குறுகிய அவகாசம் தருவார்கள், கேள்விக்கு 200 ரூபாய், திரும்ப வராது. பாசேஜ் கேள்வியில் சாட்சி வரியைக் காட்ட முடிந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். “எனக்கு அப்படித்தான் தோணிச்சு” என்பதற்கு 200 ரூபாய் தண்டம்.

“நீங்க எழுதினப்ப எவ்வளவுங்க்கா எடுத்தீங்க?”

இதைக் கேட்காத வருஷமே இல்லை. நான் எழுதியது க்யூட் வருவதற்கு ரொம்ப முன்னால், ஒரு கல்லூரியின் சொந்த நுழைவுத் தேர்வு. பாசேஜ் தேனீக்களைப் பற்றியது, முழுக்கப் புரிந்தது. ஐந்து கேள்வி, ஐந்துக்கும் சாட்சி வரி காட்டுவேன், அவ்வளவு தெளிவு. வெளியே வந்து வேப்பமரத்தடியில் இன்னொரு பெண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் இரண்டு கேள்வி ‘விச் ஆஃப் த ஃபாலோயிங் இஸ் நாட் ட்ரூ’ என்று இருந்திருக்கிறது. நான் ‘நாட்’டைப் பார்க்கவே இல்லை. உண்மையான வாக்கியத்தைத் தேடிப் பிடித்து, அழகாக வட்டம் போட்டுவிட்டு வந்திருந்தேன். காத்திருப்புப் பட்டியலில் பெயர் வந்தது, இடம் வரவில்லை.

அதனால்தான் எங்கள் பின்கட்டில் யார் கேள்வியைப் படித்தாலும் ‘நாட்’, ‘எக்ஸெப்ட்’, ‘லீஸ்ட்’ வந்தால் மேஜையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தேர்வு அறையில் தட்ட முடியாது, வெள்ளைத்தாளில் கேள்வி எண் போட்டு ஒரு பெருக்கல் குறி போடுங்கள்.